செங்கமாரியை மறைத்த எட்டு நாட்கள்

எனக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஏழு பேரில் ஒருவரும் அடுத்த வீட்டில் கைநீட்டிச் சாப்பிட்டதில்லை. சின்னமுத்து, கூவைக்கட்டு, கண் மஞ்சளிக்கிற செங்கமாரி என்று வந்த வருத்தமெல்லாம் என் கையாலேயே மாறின. இதை எடுப்புக்கும் பெருமைக்கும் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய். எடுப்பு எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஒரு நாளைக்கு அரைப்பக்கம் எழுதுவேன். கை உளைந்தால் வைத்துவிடுவேன். அவசரம் ஒன்றும் இல்லை.

சொல்லவேண்டியது என் மூன்றாவது மகனைப் பற்றி. சண்டிலிப்பாயில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் போய் நாலு வருஷம். தோட்டத்தை மூத்தவன் பார்த்தான், புகையிலையும் மரக்கறியும். மூன்றாமவன் சங்கக்கடையில் மனேச்சர். இருபத்தெட்டு வயது. கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரம்தான் காலையில் அவனுக்கு முகம் வீங்கத் தொடங்கியது. பின்னேரமானால் கால் வீங்கும். பரிகாரி நீர்முள்ளிக் குடிநீர் தந்தார், வற்றவில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்று டாக்குத்தர் சொன்னார். இந்திய ஆமி வருவதற்கு முந்திய வருஷம் அது.

எந்த ஆசுப்பத்திரி என்று எழுதமாட்டேன். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்ல வரவில்லை.

இரத்தம் கழுவுகிற மெசின் அங்கே இரண்டு இருந்தது. ஒன்று பழுது. அதன்மேல் துவாய் மடித்து வைத்திருப்பார்கள். மற்றது ஓடும். அதில் ஆறு பேர் முறைவைத்து ஏறினார்கள். ஒருவருக்கு நாலு மணித்தியாலம். ஒரு குழாயில் இரத்தம் போகும், வடி என்கிற வடிகட்டியில் கழுவுப்படும், மறு குழாயில் திரும்பி வரும். மகனுடைய இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இரத்தக்குழாயை ஒன்றாக ஒட்டித் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும். முதல் நாள் நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். பிறகு அது அதிருகிறதா என்று காலையில் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் நாள். காலை முறை மகனுக்கு. அவன் இறங்க, குருநகரில் இருந்து வருகிற ஒரு கடற்தொழிலாளி ஏறுவார். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர், பிறகு வள்ளத்தில் ஏறவே சீவன் இல்லாமல் போய்விட்டது. அவருடைய மனுசியும் நானும் வாசலில் ஒரே வாங்குப் பலகையில் இருப்போம். வெயில் வரும்வரை இந்தப் பக்கம், வெயில் வந்தால் அந்தப் பக்கம். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு வருஷத்துக்குக் கிட்ட அப்படி இருந்தோம்.

அவள் வாய்க்காரி. கழுத்தில் செபமாலை கிடக்கும், வாயில் பகிடி கிடக்கும்.

"அக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீன்காரியோடை ஒட்டிக்கொண்டு இருக்கிறியள். வீட்டை போனால் தோயவேணுமெல்லே?"

"ஆசுப்பத்திரிக்கு வந்தால் எப்பிடியும் தோயத்தானே வேணும்."

"அப்ப ஒரு வாளி தண்ணி எனக்காகக் கூட ஊத்துங்கோ."

அவள் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணீர் கொண்டுவருவாள். மூடியில் ஊற்றி முதல் எனக்குத்தான் நீட்டுவாள். நான் வாங்கவில்லை. விரதம் என்பேன், நெஞ்செரிவு என்பேன். எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு நாளும் நீட்டினாள் என்று நினைக்கிறேன். உள்ளே என் பிள்ளையின் இரத்தம் ஓடின மெசினில் அவள் புருசனின் இரத்தம் ஓடும். வெளியே நான் அவள் மூடியைத் தள்ளிவிடுவேன். அப்போது அது எனக்குப் பிழையாகவே படவில்லை.

உள்ளே வேலை பார்த்த நேர்ஸ் மிஸ்ஸி அரியாலைப் பக்கத்தவர். ஐம்பது வயதுக்கு மேல். ஒவ்வொருவருடைய வடியிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருப்பார். புது வடி கிடைப்பதில்லை, கழுவிக் கழுவித்தான் பாவிக்கவேண்டும். ஒருவர் இறங்க மற்றவர் ஏறுமுன் மெசினுக்குள் மருந்துத்தண்ணீர் ஓடவிடுவார். அந்த நெடிக்கு எங்களுக்கு வெளியிலேயே கண் எரியும். கையுறை கிழிந்தால் கிழிந்த விரலுக்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்.

சாப்பாட்டுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். மரக்கறியை வெட்டி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் காய்ச்சவேண்டும். வாழைப்பழம் கூடாது. இளநீர் கண்ணிலேயே காட்டக்கூடாது.

"அதிலை ஒரு உப்பு இருக்கம்மா. எங்களுக்கெண்டால் சலத்தோடை போயிடும். இவையளுக்குப் போறதுக்கு வழியில்லை. இரத்தத்திலை நிண்டு இதயத்தை நிப்பாட்டிப்போடும்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவது லேசு.

நாங்கள் போகத் தொடங்கி ஆறு மாதம் இருக்கும். மெசினுக்கு வந்துகொண்டிருந்த ஒரு வாத்தியாருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஒரு செவ்வாய் வந்தார், வெள்ளி வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மூன்றாம் கிழமை செத்துப்போனார் என்று கதை வந்தது. செங்கமாரி வந்தபடியால் மெசினில் ஏற்றாமல் அனுப்பிவிட்டார்களாம் என்று வாங்கில் இருந்த எல்லோரும் கதைத்தோம். ஒருவரும் உள்ளே போய்க் கேட்கவில்லை. மிஸ்ஸி எங்களைக் கூப்பிட்டுவைத்துச் சொன்னது வேறு:

"இது இரத்தத்தாலை தொத்திற செங்கமாரி. ஏத்திற இரத்தத்தாலை வரலாம், ஊசியாலை வரலாம், மெசினாலை வரலாம். ஒருத்தருக்கு வந்தால் ஆறு பேருக்கும் வரும். கண் மஞ்சளிச்சால், சாப்பாடு அரியண்டமா இருந்தால், அண்டைக்கே எனக்குச் சொல்லிப்போடுங்கோ. மறைக்கக்கூடாது."

என் காதில் விழுந்தது, சொன்னால் முறை போய்விடும் என்பது மட்டும்தான். மெசின் இல்லாவிட்டால் என் பிள்ளை பத்து நாள் தாங்கமாட்டான். அதை வாத்தியாரில் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. கிணற்றடியில் அவனுக்குத் தோயவார்த்தேன். இவ்வளவு பெரிய பிள்ளைக்குத் தாய் வார்ப்பதா என்று கேட்கவேண்டாம். வாளி இழுக்க அவனுக்குப் பலமில்லை. தலையைத் துவட்டுகையில் வெயில் முகத்தில் நேரே விழுந்தது. கண்வெள்ளை மஞ்சள் கரைத்த தண்ணீர்போலக் கிடந்தது. நாலு நாளாக அவன் சோற்றைக் கண்டால் ஓங்காளித்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

"மஞ்சளே அம்மா?"

"வெயில் குத்துது. உள்ளை போ."

"எனக்கு முந்தநாளே தெரியும். நாளைக்கு மிஸ்ஸிக்குச் சொல்லுவம்."

"வாயை மூடு தம்பி. செங்கமாரி உலகத்திலை உனக்கு மட்டுந்தானே வந்தது? உன்ரை மூத்த கொண்ணைக்கு வரேல்லையே? தங்கச்சியின்ரை பெட்டைக்கு வரேல்லையே? ஆர் மாத்தினது? ஆசுப்பத்திரியே மாத்தினது?"

"அது வேறை, இது வேறை எண்டு அவ சொன்னவவெல்லே. எனக்குப் பின்னாலை அந்த மனிசன் ஏறுறார் அம்மா."

"அந்த மனிசனைப் பார்க்க அவரின்ரை பெண்சாதி இருக்கிறாள். உன்னைப் பார்க்க நான் இருக்கிறன். ஒரு கிழமை பொறு. இருந்த இடம் தெரியாமல் ஓட்டிப்போடுறன்."

அவன் உள்ளே போனான். தகப்பன் போன வீட்டில் பிள்ளைகள் தாயை எதிர்த்துக் கதைப்பது குறைவு. அதை நான் அன்றைக்கு நன்றாகப் பாவித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் செங்கமாரிக்கு வைத்தியம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கொடுப்பது. எண்ணெய் சேர்க்காமல் கறி. அதோடு செவ்விளநீர். உடம்பின் சூட்டையும் கண்ணின் மஞ்சளையும் அது இழுத்துக்கொண்டு போகும் என்பார்கள். இவனுக்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்! மிஸ்ஸி சொன்னது மறக்கவில்லை. அது சும்மா இருக்கிறவர்கள் குடிப்பதற்குச் சொன்னது, மருந்துக்குக் குடிப்பது வேறு என்று நானே ஒரு நியாயம் பிடித்துக்கொண்டேன். வேலியோரத்துச் செவ்விளநீரில் ஒன்று வெட்டி அரைவாசி கொடுத்தேன். மிச்சத்தை நான் குடித்தேன்.

அடுத்த நாள் ஆசுப்பத்திரிக்குப் போவதற்கு மூத்தவனின் கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். தோட்டத்துக்கு மருந்தடிக்கும்போது அவன் போடுகிற கண்ணாடி. மூன்றாமவன் வேண்டாம் என்றான். நானே அவன் மூக்கில் வைத்துவிட்டேன்.

மிஸ்ஸி அவனைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன தம்பி, படம் நடிக்கப் போறீரோ?"

அவன் குனிந்துகொண்டு நின்றான். நான் முந்தினேன்.

"குடில்லை புகையிலைக்குப் புகை போட்டது மிஸ்ஸி. இவன் கிட்டப் போய் நிண்டு கண் கலங்கிப்போச்சு. வெளிச்சம் பார்க்கேலாமல் கிடக்காம்."

"இந்த உடம்போடை புகைக்கை போய் நிப்பினமே? உங்களுக்குச் சொல்லி அலுத்துப்போச்சு அம்மா."

குடில் அந்த மாதம் காலி. அதில் ஒரு இலைகூடத் தொங்கவில்லை.

மகன் நாலு மணித்தியாலம் மெசினில் கிடந்து இறங்கினான். மருந்துத்தண்ணீர் ஓடியது. குருநகரார் ஏறினார். நான் வாங்கில் இருந்து அந்த நெடியை மணந்துகொண்டு, இவ்வளவு எரிகிற மருந்துக்கு எந்தக் கிருமி தப்பும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமையும் அதே கண்ணாடி, அதே பொய். அன்றைக்குக் குருநகரார் மூச்சிழுப்போடு வந்திருந்தார். அவருடைய மனுசி பகிடி ஒன்றும் விடவில்லை. கண்ணாடி போட்ட என் மகனை ஒருமுறை பார்த்தாள், செபமாலையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்குப் பிறகு செவ்வாய்வரை மெசின் இல்லை. அந்த இடைவெளிதான் அவர்களுக்குப் பொல்லாதது. மஞ்சள் இறங்கவில்லை, கூடியது. எனக்கு ஆத்திரம். என் கைமருந்து ஒரு நாளும் பொய்த்ததில்லை. அரை இளநீரை ஒன்றாக்கினேன். சனி ஒன்று, ஞாயிறு ஒன்று, திங்கள் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அவனுக்குத் தாகம் எப்போதும் இருக்கும், தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கவேண்டும். அதனால் இளநீரை ஆசையோடு குடித்தான். செம்பை வைத்துவிட்டு, "தேவாமிர்தம் அம்மா" என்றான். அந்தச் சொல்லை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

செவ்வாய் காலையில் அவனால் எழும்ப முடியவில்லை. கால் இரண்டும் சொல்லுக் கேட்கவில்லை என்றான். வாயைச் சுற்றி விறைக்கிறது என்றான். கை வைத்துப் பார்த்தேன். அந்தப் பூனையின் உறுமல் ஓய்ந்து ஓய்ந்து வந்தது. மூத்தவன் ஓடிப்போய் அயலில் கார் பிடித்து வந்தான். வழியில் ஆமி வெளிக்கிட்டிருக்கிறது என்று ஒழுங்கைகளுக்குள்ளால் சுற்றிப் போனோம். ஏழு மணிக்குப் போகவேண்டியவர்கள் பத்துமணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நாங்கள் வரவில்லை என்று குருநகராரை மெசினில் ஏற்றியிருந்தார்கள். பாதிதான் முடிந்திருந்தது.

டாக்குத்தர் நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார். எடுத்த கடதாசியைப் பார்த்துவிட்டு மிஸ்ஸியைப் பார்த்தார். மிஸ்ஸி என்னிடம் வந்தார்.

"அம்மா, என்ன குடுத்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

நான் மகனின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"வாழைப்பழமே? இளநீரே?"

"இளநீர்."

"எத்தினை நாளா?"

"ஒரு கிழமையா."

"விசரே உங்களுக்கு? எத்தினைதரம் சொன்னனான்! ஏன் குடுத்தனீங்கள்?"

ஏன் கொடுத்தேன் என்று சொன்னால் செங்கமாரியைச் சொல்லவேண்டும். பிள்ளை சாகக் கிடக்கிறான், அந்த நேரத்திலும் நான் முறையைத்தான் காத்துக்கொண்டு நின்றேன்.

"தாகமெண்டு அழுதான்" என்றேன்.

டாக்குத்தர் ஊசி போட்டார். போட்டுவிட்டு, இது கொஞ்ச நேரத்துக்குத்தான், உடனே மெசினில் போடாவிட்டால் தப்பமாட்டான் என்றார். மிஸ்ஸி வாங்குக்கு வந்து குருநகராரின் மனுசியிடம் கேட்டார்.

"பிள்ளை, உம்மடை மனிசனை இப்ப இறக்கினால் இந்தப் பொடியனைப் போடலாம். இவன் இறங்கினவுடனை மிச்ச ரெண்டு மணித்தியாலமும் அவருக்குத் தருவன். என்ன சொல்லுறீர்?"

"கழட்டுங்கோ மிஸ்ஸி. கேட்டுக்கொண்டு நிக்கிறியளே? அந்தாள் பின்னேரம் கிடந்து முடிக்கட்டும்."

உள்ளே இருந்து குருநகராரும் சத்தம் போட்டார்: "கெதியாக் கழட்டுங்கோ. எனக்கும் சலிச்சுப்போச்சு இதிலை கிடந்து."

அவரைக் கழற்றினார்கள். மகனைக் கட்டிலில் ஏற்றினார்கள். மிஸ்ஸி குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை என்னைக் கேட்டார்.

"வேறை ஏதும் இருக்கே அம்மா? இவருக்குப் பின்னாலை உடனை அவரை ஏத்தப்போறன்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடி இன்னும் அவன் முகத்தில்தான் இருந்தது. அந்த நிலையிலும் நான் அதைப் போட்டுத்தான் கொண்டுவந்திருந்தேன்.

கையைத் தூக்க முடியாத பிள்ளை, வலது கையை மெல்ல மெல்ல நெஞ்சுக்குமேலே கொண்டுவந்து, தானே அதைக் கழற்றினான்.

மிஸ்ஸி பார்த்தார். பிறகு ஊசியைக் குத்தி, குழாயைப் பூட்டி, மெசினை ஓடவிட்டார். ஓடவிட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எப்ப துவங்கினது?"

"போன திங்கள்."

"அப்ப செவ்வாயும் வெள்ளியும் தெரிஞ்சுகொண்டுதான் கொண்டுவந்தனீங்கள்."

"ஓம்."

"ஏனம்மா?"

"சொன்னால் அனுப்பிப்போடுவியள். வாத்தியாரை அனுப்பினமாதிரி."

மிஸ்ஸி கையுறையைக் கழற்றிக்கொண்டே பழுதான மெசினில் சாய்ந்துகொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

"வாத்தியாரை ஆர் அனுப்பினது? அவருக்குக் கடைசி முறை குடுத்தன். செங்கமாரிக்காரரைக் கடைசியாப் போட்டால், பிறகு மெசினை மருந்திலை விடியும்வரை ஊறவிடலாம், மற்றவைக்குத் தொத்தாது. பின்னேரம் வந்தால் ஊரடங்குக்கை வீட்டை போகேலாதெண்டு அவர்தான் வராமல் நிண்டவர். வீட்டை ஆள் அனுப்பியும் கூப்பிட்டனான். உங்கடை பிள்ளைக்கும் அதைத்தானே செய்திருப்பன்."

நான் வாங்குக்கு வந்து இருந்தேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்தக் கதவு ஒரு நாளும் பூட்டியிருந்ததில்லை.

அன்றைக்குக் குருநகராரைத் திருப்பி ஏற்றவில்லை. மெசின் விடியும்வரை மருந்தில் ஊறியது. அவர் அந்த மூச்சிழுப்போடு இரவு முழுக்க வார்ட்டில் கிடந்தார். மகன் தப்பிவிட்டான். இளநீரை நிறுத்தியதும் கால் வந்தது. மஞ்சள் தன்பாட்டில் ஒன்றரை மாதத்தில் இறங்கியது. ஆனால் இரத்தத்தில் அது போகாது என்றார் டாக்குத்தர்.

வாத்தியார் போக மிஞ்சிய ஐந்து பேரிடமும் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரக் கிழமைக்கணக்காயிற்று. றோட்டும் ரயிலும் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இராது. முதல் முடிவில் மகனுக்கு மட்டும் இருந்தது. இதை நம்பக்கூடாது, தொத்தினால் தெரிய இரண்டு மூன்று மாதம் செல்லும், திருப்பி எடுக்கவேண்டும் என்றார் மிஸ்ஸி. அந்த மூன்று மாதம் நான் குருநகராரின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கி வரும்போது பார்ப்பேன். வெயிலில் நிற்கும்போது பார்ப்பேன். கடலில் கிடந்த கண், எப்போதும் சிவந்துதான் இருக்கும். மஞ்சளைக் காணவில்லை.

இரண்டாம் முடிவில் அவருக்கும் வந்திருந்தது.

ஆரால் வந்தது என்று சொல்லமுடியாது என்றார் டாக்குத்தர். இருவருக்கும் வேறு வேறு ஆட்களின் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். வாத்தியார் இருந்தபோது அவரோடும் ஒரே மெசின். எங்கிருந்தும் வந்திருக்கலாம். டாக்குத்தர் படித்தவர், அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். எனக்குத் தெரிந்த செவ்வாயும் வெள்ளியும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னேர முறை. ஒருவர் பின் ஒருவராக, கடைசியில். ஊரடங்கு என்றால் நாங்கள் நாலு பேரும் அங்கேயே படுத்தோம். அவள் பழையபடி கதைத்தாள், பகிடி விட்டாள். எனக்குத்தான் வாய் வரவில்லை. சொல்லவேண்டும் என்று வீட்டிலிருந்து வெளிக்கிடுவேன். பஸ்ஸில் சொல்லை ஒழுங்குபடுத்திக்கொண்டு போவேன். வாங்கில் இருந்ததும் சேலைத்தலைப்பை மடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். மிஸ்ஸி அந்தக் கதையை ஒருவருக்கும் விடவில்லை.

மாரி தொடங்க, கொழும்புப் பாதை மூடியது. மருந்துத்தண்ணீர் வரவில்லை, குழாய் வரவில்லை. கிழமைக்கு இரண்டு முறை ஒன்றாகியது, பிறகு அதுவும் இல்லை. கார்த்திகையில் ஒரு மத்தியானம் என் பிள்ளை போய்விட்டான். செங்கமாரியால் போகவில்லை. அதை எழுதிவைக்கிறேன், ஆனால் அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அவள் வந்தாள். குருநகரில் இருந்து இரண்டு பஸ் மாறி, மழைக்குள்ளே வந்தாள். புருசனை வள்ளத்தில் இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டதாகவும், அங்கே ஒரு ஆசுப்பத்திரியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் சொன்னாள். சனம் எல்லாம் போன பிறகு பின்பக்க விறாந்தையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அன்றைக்கு விட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ அக்கா."

"அவனுக்குச் செங்கமாரி வந்தது எனக்கு முதலே தெரியும். ரெண்டு தரம் மறைச்சுக்கொண்டு வந்தனான். அவனுக்குப் பின்னாலை உன்ரை மனிசன் ஏறினவர்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கும் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமை தம்பி பைப்படியிலை முகம் கழுவக் கண்ணாடியைக் கழட்டினவர். நான் பக்கத்திலை போத்தல் கழுவிக்கொண்டு நிண்டனான். கண்ணைப் பார்த்திட்டன்."

நான் அவள் பக்கம் திரும்பி இருந்தேன்.

"பார்த்துக்கொண்டோ மனிசனை ஏத்தினனீ?"

"ஓம்."

"ஏனடி சொல்லேல்லை?"

"சொன்னால் மெசினை மூடிப்போடுவினம் எண்டு பயந்தன். அண்டைக்கு அவர் மூச்செடுக்கேலாமல் கிடந்தவர், நீங்களும் கண்டனீங்கள்தானே. செங்கமாரி வந்தால் பிறகு பாப்பம், இண்டைக்கு ஆள் இருக்கட்டும் எண்டு மாதாவிட்டைக் கேட்டுக்கொண்டு ஏத்தினன். நீங்கள் உங்கடை பிள்ளையைப் பார்த்தியள். நான் என்ரை மனிசனைப் பார்த்தன். விடுங்கோ அக்கா."

விடு என்றால் விடுபடுகிற காரியமா? ஏழு மாதம் நான் தூக்கிக்கொண்டு திரிந்ததை அவள் பாதியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவள் ஆர் என் பிழையில் பங்கு கேட்க என்று இருந்தது. அன்றைக்கு அவளோடு அதற்குமேல் கதைக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு ஒழுங்கை முகப்புவரை கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். அவள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போட்டு வாறன் அக்கா" என்றாள். நான் தலையாட்டினேன்.

பிறகு எத்தனையோ இடப்பெயர்வு. தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் முழுக்க எழும்பி நடந்தபோது, கைதடிப் பாலத்து நெரிசலிலும் அவளைத் தேடினேன். அவள் புருசன் இந்தியாவில் எவ்வளவு காலம் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டு அறிந்திருக்கலாம். அறியப் பயந்தேன்.

இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கும்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. நான் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமை அவளுக்கு அந்தப் பயமே வந்திருக்காது. மகனுக்குப் பின்னேர முறை, அவள் புருசனுக்குக் காலை முறை, இடையில் ஊறின மெசின். அவ்வளவுதான் வேலை. அவள் கேட்ட பங்கை நான் கொடுக்கமாட்டேன். அது முழுக்க என்னுடையது.

எழுதி முடித்துவிட்டேன். கண் சொல்லுக் கேட்கவில்லை, எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். பேத்தி அறைக்குள் நிற்கிறாள். கூப்பிட்டுக் கொடுக்கப்போகிறேன்.

"பிள்ளை, இஞ்சை வா. இதைத் துவக்கத்திலை இருந்து ஒருக்கா வாசி. மெல்ல வாசி, எனக்குக் காது மந்தம். எழுத்துப் பிழை எண்டால் பேசாமல் திருத்து. மற்றது ஒண்டையும் விட்டிட்டு வாசியாதை."